விட்டுச்சென்ற தாள்கள்

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டே மாலை நேரத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வந்த உங்கள் தம்பி, இருபத்து நான்கு வயதில் இறந்துபோனார். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் சிலர் "கொடுத்துவைத்தது அவ்வளவுதான்" என்றார்கள்; வேறு சிலர் "கொஞ்ச காலம் இருந்தாலும் எல்லார் மனசிலும் இருக்கிறான்" என்றார்கள். குறைந்த காலமே வாழ்ந்த ஒருவரால் உண்மையிலேயே நிலைத்து நிற்கும் எதையாவது விட்டுச்செல்ல முடியுமா, அல்லது இது துக்க வீட்டில் சொல்லப்படும் ஆறுதல் மட்டும்தானா என்று கேட்கிறீர்கள். அவர் எழுதிய கணக்கு நோட்டுகள் ஓர் அட்டைப்பெட்டி நிறைய இருப்பதாகவும், அவற்றை என்ன செய்வதென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்றும் கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்கள்.

முடியும் என்பதே என் பதில். ஆனால் அந்தத் தாக்கம் இறந்தவரிடமிருந்து நேராக உலகத்துக்கு வந்து சேர்வதில்லை. இடையில் பல கைகள் இருக்கின்றன. அந்தக் கைகளைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் கணிதம் கற்பித்தவன் என்பதால் எனக்கு நன்கு தெரிந்த ஒரு வாழ்க்கையையே எடுத்துக்கொள்கிறேன். 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, 1920 ஏப்ரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் இறந்த சீனிவாச ராமானுஜனின் வாழ்க்கை அது. முப்பத்திரண்டு ஆண்டும் நான்கு மாதமும். அவர் பெயரைச் சொன்னதும் "அவர் மேதை, என் தம்பி சாதாரணப் பிள்ளை" என்று உங்களுக்குத் தோன்றும். அந்தத் தயக்கத்துக்குக் கடைசியில் பதில் சொல்கிறேன், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்தில் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் அவர் வளர்ந்த வீடு இன்றும் இருக்கிறது. அங்கே அவர் பெரும்பாலும் சிலேட்டில்தான் கணக்குப் போட்டார். தாள் வாங்கக் காசு போதாது. சிலேட்டு நிறைந்ததும் துணி தேடாமல் முழங்கையாலேயே அழித்துவிட்டு மேலே எழுதுவார். முழங்கை கறுத்துத் தடித்துப் போயிருந்தது என்று உடன் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சிலேட்டில் போட்டுப் பார்த்து முடிவு கிடைத்த பிறகு, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார். நிரூபணம் முழங்கையோடு போயிற்று. இப்படி அவர் நோட்டுகளில் சேர்ந்தவை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தேற்றங்கள். வறுமையால் வந்த இந்தப் பழக்கம்தான் பின்னால் வந்தவர்களுக்கு வேலை வைத்தது. எது எப்படி வந்தது என்று ஒவ்வொன்றையும் அவர்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

தேற்றத்தை மட்டும் எழுதி வழியைச் சொல்லாமல் விடும் முறைக்கு வறுமையோடு வேறொரு காரணமும் உண்டு. அதுவும் கவனிக்க வேண்டிய விஷயம். ஏறத்தாழ 1903இல், பள்ளி மாணவராக இருந்தபோது, ஜி. எஸ். கார் என்பவர் தொகுத்த ஒரு கணிதத் தொகுப்பு நூல் அவர் கைக்கு வந்தது. கார் பெரிய கணித மேதை அல்ல. இங்கிலாந்தில் மாணவர்களைத் தேர்வுக்குத் தயார்படுத்திய தனிப்பயிற்சி ஆசிரியர், இன்றைய பேச்சில் டியூஷன் வாத்தியார். தம் மாணவர்களுக்காக ஆயிரக்கணக்கான முடிவுகளை வரிசை எண் போட்டு, நிரூபணம் அதிகம் தராமல் தொகுத்திருந்தார். அந்தத் தொகுப்பு காவிரிக்கரையில் ஒரு பையனின் கையில் என்ன செய்யப்போகிறது என்று அவர் நினைத்திருக்கவே முடியாது. உங்கள் தம்பியும் டியூஷன் எடுத்தவர் என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

அதன்பின் வந்த ஆண்டுகள் கடுமையானவை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர வேறெதையும் படிக்காததால் உதவித்தொகை போயிற்று. சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. என்ற, பட்டப்படிப்புக்கு முந்தைய அன்றைய கல்லூரித் தேர்வில் தேறவில்லை. 1910இல் ஒரு குமாஸ்தா வேலை கேட்டுத் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசுவாமி ஐயர், மூன்று ஆண்டுகளுக்கு முன் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். நோட்டைப் புரட்டிப் பார்த்த அவர், இந்தப் பிள்ளையைத் தாலுக்கா ஆபீஸ் வேலையில் போட்டு முடக்க மனம் வராமல், சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். நெல்லூர் கலெக்டராக இருந்த ஆர். ராமச்சந்திர ராவ் சில காலம் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயரும் கணிதம் படித்தவர். திருவல்லிக்கேணியில் இரவு நெடுநேரம் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டுடன் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். 1913 ஜனவரி 16 தேதியிட்டு கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஜி. எச். ஹார்டிக்கு ராமானுஜன் கடிதம் எழுதியதும், 1914 மார்ச் 17 அன்று கப்பலேறியதும் அதற்குப் பின்னரே. இவர்களில் யாராவது ஒருவர் "தேர்வில் தேறாதவர்தானே" என்று திருப்பி அனுப்பியிருந்தால், அந்த நோட்டுகள் அந்த வீட்டுப் பரணிலேயே இருந்திருக்கும்.

இங்கிலாந்தில் அவர் இருந்தது ஐந்து ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. அதில் கடைசி இரண்டு ஆண்டுகளின் பெரும்பகுதி மருத்துவமனைகளிலும் உடல்நல விடுதிகளிலும் கழிந்தது. 1918இல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோவாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1919 மார்ச்சில் ஊர் திரும்பியபோது உடல் எலும்பும் தோலுமாக ஆகியிருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சீக்கிரம் அணைந்த விளக்கு அதனாலேயே பிரகாசமாக எரிந்தது என்பது போன்ற பேச்சை நான் ஏற்பதில்லை. இளமையில் நேர்ந்த மரணம் இழப்புதான். அதற்கு அழகு சேர்க்க வேண்டியதில்லை. அவருக்கு வந்தது காசநோய் என்றே அன்றைய மருத்துவர்கள் பெரும்பாலும் கருதினார்கள். 1994இல் டி. ஏ. பி. யங் என்ற மருத்துவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அது கல்லீரலைத் தாக்கிய அமீபா தொற்றாக இருந்திருக்கலாம், அன்றைய மருத்துவத்திலேயே அதற்குச் சிகிச்சை இருந்தது என்று எழுதினார். அதைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்றும் நினைவில் இருக்கிறது. ஹார்டி ஒரு கருத்துச் சொல்லியிருக்கிறார்: ராமானுஜனின் சோகம் அவர் இளமையில் இறந்தது அல்ல, முறையான வழிகாட்டல் இல்லாமல் இளமையின் ஐந்து ஆண்டுகள் திசைமாறிப் போனதே என்பது அதன் சாரம். ஹார்டியின் மேல் எனக்கு எவ்வளவு மரியாதை இருந்தாலும் இதில் அவரோடு உடன்பட முடியவில்லை. கடைசி ஓராண்டில் ராமானுஜன் செய்த வேலையை ஹார்டி முழுமையாகப் பார்த்து எடைபோட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

அந்தக் கடைசி ஆண்டைப் பற்றி அவருடைய மனைவி ஜானகி அம்மாள் சொல்லியிருக்கிறார். அப்போது ஜானகி அம்மாளுக்கு வயது இருபத்தொன்று. வலி தாங்காத நிலையிலும் கணவர் தாள் கேட்டுக்கொண்டே இருந்தார் என்றும், இறப்பதற்கு நான்கு நாள் முன்பு வரை எழுதிக்கொண்டிருந்தார் என்றும் நினைவுகூர்ந்திருக்கிறார். 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், "மாக் தீட்டா சார்புகள்" என்று தாமே பெயர் வைத்த ஒரு புதிய வகைச் சார்புகளைக் கண்டதாக ராமானுஜன் குறிப்பிட்டிருந்தார். அந்த மாதங்களில் எழுதிய தாள்கள் நூறு பக்கத்துக்கும் மேல். அவற்றில் அறுநூறுக்கும் மேற்பட்ட முடிவுகள் இருந்தன, நிரூபணம் ஏறத்தாழ எதுவும் இல்லாமல்.

இனி அந்தத் தாள்கள் போன வழியைப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1923இல் ஹார்டிக்கு ஒரு கட்டுத் தாள்களை அனுப்பியது. இவை அதில் இருந்திருக்க வேண்டும். பின்னர் எப்போதோ ஹார்டி அவற்றைப் பர்மிங்காமில் பேராசிரியராக இருந்த ஜி. என். வாட்சனிடம் கொடுத்தார். ராமானுஜன் நோட்டுகளில் பல ஆண்டுகள் உழைத்தவர் வாட்சன்; ஆனாலும் 1930களின் முடிவுக்குப் பிறகு அவருடைய ஆர்வம் தளர்ந்தது. தாள்கள் அவர் வீட்டிலேயே கிடந்தன. 1965இல் வாட்சன் இறந்தார். ராயல் சொசைட்டிக்காக அவரைப் பற்றிய இரங்கல் கட்டுரை எழுத வேண்டியிருந்த ஜே. எம். விட்டேக்கர் என்ற கணிதப் பேராசிரியர் அந்த வீட்டுக்குப் போனார். வாட்சனின் படிப்பறையில் தரை முழுவதும் தாள்கள் ஓரடி உயரத்துக்குக் குவிந்திருந்தன. இன்னும் சில நாளில் அவற்றை எரித்துவிட ஏற்பாடாகியிருந்தது. விட்டேக்கர் கைக்கு வந்ததை அங்கங்கே எடுத்துப் பார்த்தபோது அந்தக் குவியலில் ராமானுஜனின் தாள்கள் கிடைத்தன. அவர் அவற்றை ராபர்ட் ராங்கின் என்ற கணித அறிஞருக்கு அனுப்ப, ராங்கின் 1968 டிசம்பரில் டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்கு அனுப்பிவைத்தார். நூலகப் பெட்டியில் மேலும் எட்டு ஆண்டுகள் கிடந்தன. 1976 வசந்த காலத்தில் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ், வாட்சனின் தாள்களைப் பார்ப்பதற்காக அங்கே போய் அந்தப் பெட்டியைத் திறந்தார். அவர் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்ததே மாக் தீட்டா சார்புகளைப் பற்றி என்பதால், தாளில் இருந்தது என்ன என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. வேறு யார் திறந்திருந்தாலும் அது பழைய எழுத்தாகவே தோன்றியிருக்கும்.

இந்தத் தாள்களுக்குத் "தொலைந்த நோட்டுப் புத்தகம்" என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆண்ட்ரூசும் புரூஸ் பெர்ன்ட் என்ற இன்னொரு கணித அறிஞரும் சேர்ந்து, அதில் உள்ள ஒவ்வொரு முடிவையும் நிரூபித்து 2005 முதல் 2018 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார்கள். அதற்கு முன்பே பெர்ன்ட் பழைய மூன்று நோட்டுகளுக்கும் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் எழுதி முடித்திருந்தார். ஒரு மனிதர் முப்பத்திரண்டு வயதுக்குள் எழுதிவைத்ததைப் புரிந்துகொள்ள, இன்னொரு மனிதர் தம் வாழ்நாளில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளைக் கொடுத்திருக்கிறார். மாக் தீட்டா சார்புகள் உண்மையில் என்ன என்ற கேள்விக்கு 2002இல்தான் சாண்டர் ஸ்வேகர்ஸ் என்ற இளம் ஆய்வாளர் தம் முனைவர் பட்ட ஆய்வில் தெளிவான விடை தந்தார். ராமானுஜன் 1916இல் ஒரு கட்டுரையில் ஊகமாக எழுதிவைத்த வேறொன்றை 1974இல் கணித அறிஞர் பியர் டெலின் நிரூபித்தார். குறைந்த இணைப்புகளைக் கொண்டு மிக உறுதியாகப் பின்னப்பட்ட ஒருவகை வலையமைப்புகளுக்கு, அந்த ஊகத்தின் தொடர்பினாலேயே, ராமானுஜன் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. இவற்றை விளக்கப் புகுந்தால் பதில் கணித வகுப்பாகிவிடும்.

ஆனால் ஒன்றை மட்டும் காட்டியே தீர வேண்டும், ஏனென்றால் அதைச் சாதாரணக் கூட்டல் கழித்தலில் காட்டிவிடலாம். 4 என்ற எண்ணைக் கூட்டலாகப் பிரித்து எழுத எத்தனை வழி? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. மொத்தம் 5. இதேபோல் 9க்கு 30 வழிகள், 14க்கு 135, 19க்கு 490. கடைசி இலக்கம் 4 அல்லது 9 ஆக உள்ள எந்த எண்ணை எடுத்தாலும் வழிகளின் எண்ணிக்கை 5ஆல் மீதியின்றி வகுபடும் என்று ராமானுஜன் கண்டு நிரூபித்தார். 7க்கும் 11க்கும் இதுபோன்ற விதிகள் உண்டு. எண் பெரிதாகப் பெரிதாக வழிகள் மலைபோல் பெருகும். 200ஐப் பிரிக்க 39,72,99,90,29,388 வழிகள். ஹார்டியும் ராமானுஜனும் 1918இல் வெளியிட்ட சூத்திரம் இந்தப் பெரிய எண்ணைச் சரியாகப் பிடித்துக் கொடுத்தது.

1944இல் இங்கிலாந்தில் ஃப்ரீமன் டைசன் என்ற இருபது வயது இளைஞர் போர் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவில் கணித ஆய்வாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பகலெல்லாம் விமானங்களும் மரணங்களும் பற்றிய கணக்கு. இரவில் அவர் ராமானுஜனின் இந்த விதியை எடுத்துவைத்துக்கொண்டு யோசித்தார்: 5ஆல் வகுபடுகிறது சரி, அந்த வழிகளை ஐந்து சமக் கூறாகப் பிரித்துக் காட்ட எளிய அடையாளம் ஏதாவது உண்டா? ஒவ்வொரு வழியிலும் மிகப் பெரிய எண்ணை எடுத்து, அதிலிருந்து மொத்தம் எத்தனை எண்கள் இருக்கின்றனவோ அதைக் கழிக்கச் சொன்னார். மேலே உள்ள ஐந்துக்கும் செய்து பாருங்கள்: 4−1=3; 3−2=1; 2−2=0; 2−3=−1; 1−4=−3. எதிர்ம எண்களோடு 5ஐக் கூட்டிக்கொண்டால் −1 என்பது 4 ஆகிறது, −3 என்பது 2 ஆகிறது. ஆக 3, 1, 0, 4, 2. ஐந்து மீதிகளும் ஒவ்வொரு முறை வந்துவிட்டன. இதற்கு அவர் ரேங்க் என்று பெயரிட்டார். இதை நான் கரும்பலகையில் எழுதிக் கடைசி 2ஐப் போடும்போது வகுப்பு ஒரு கணம் பேச்சற்றுப் போகும். முப்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட அது தவறியதில்லை.

ரேங்க் 5க்கும் 7க்கும் பொருந்தியது, 11க்குப் பொருந்தவில்லை. அதற்கு வேறொரு அளவு இருந்தாக வேண்டும் என்று ஊகித்து, கண்டுபிடிக்கும் முன்பே அதற்குக் கிராங்க் என்று பெயரும் வைத்துவிட்டு டைசன் வேறு துறைக்குப் போய்விட்டார். நாற்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 1987இல், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ராமானுஜன் நூற்றாண்டு மாநாடு முடிந்த மறுநாள், ஆண்ட்ரூசும் ஃபிராங்க் கார்வனும் அந்தக் கிராங்கைக் கண்டுபிடித்தார்கள். கார்வனுக்கு அதற்கு வழி காட்டியது தொலைந்த நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம். 1944இல் டைசன் தேடிக்கொண்டிருந்ததன் திறவுகோல் 1920இலேயே சேத்துப்பட்டில் எழுதப்பட்டுவிட்டது. அப்போது அது வாட்சன் வீட்டுக் காகிதக் குவியலுக்குள் கிடந்திருக்க வேண்டும். அதே மாநாட்டில் பேசிய டைசன், 1944இன் அழிவுக்கு நடுவே இருண்ட குளிர் மாலைகளில் சூத்திரங்களைக் கிறுக்கிக்கொண்டிருந்தபோது, 1917இன் அழிவுக்கு நடுவே அதையே செய்துகொண்டிருந்த ராமானுஜன் தமக்கு அருகில் இருப்பதாக உணர்ந்ததாகச் சொன்னார். டைசன் பிறந்தது 1923இல். ராமானுஜன் இறந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு. நீங்கள் கேட்ட நிலைத்த தாக்கம் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியாது.

தாக்கம் எப்போதும் கணிதத்தின் வழியாகவே வந்தது என்றும் இல்லை. 1920இல், இன்னும் பத்து வயது நிறையாத ஒரு சிறுவனிடம் அவனுடைய தாய், ராமானுஜன் என்ற பெரிய கணித அறிஞர் இறந்துவிட்டதாகப் பத்திரிகையில் வந்த செய்தியைச் சொன்னார். நம்மில் ஒருவர் அவ்வளவு உயரம் போக முடிந்தது என்ற எண்ணம் மனத்தில் பதிந்துவிட்டதாக அந்தச் சிறுவன், வானியற்பியல் அறிஞர் எஸ். சந்திரசேகர், பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1936இல் அவர் இந்தியா வந்தபோது, ஹார்டிக்கு வேண்டும் என்பதற்காகத் திருவல்லிக்கேணியில் ஜானகி அம்மாளைத் தேடிப்போய், கணவரின் பாஸ்போர்ட் படம் ஒன்றைப் பெற்றுவந்தார். இன்று நாம் அஞ்சல் தலையிலும் பாடப் புத்தகத்திலும் பார்க்கும் அந்த முகம், ஜானகி அம்மாள் பத்திரமாக வைத்திருந்த ஒரு சிறிய படத்திலிருந்து வந்தது. தையல் வேலை செய்தும் சிறிய ஓய்வூதியத்திலும் வாழ்ந்த அவர், கணவர் இறந்தபின் எழுபத்து நான்கு ஆண்டுகள் இருந்து 1994இல் மறைந்தார். கணவருக்கு ஒரு சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே என்று அவர் கேட்டது பத்திரிகையில் வந்தது. அதைப் படித்த அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் ஆஸ்கி, உலகெங்கும் உள்ள கணித அறிஞர்களிடம் பணம் திரட்டி ஒரு மார்பளவுச் சிலை செய்வித்து அவருக்கு அனுப்பினார். பணம் கொடுத்தவர்களுக்கு 1984இல் ஜானகி அம்மாளின் நன்றிக் கடிதம் போனது. அமெரிக்காவில் இருந்த ஜப்பானியக் கணிதப் பேராசிரியர் ஒருவர் அதைக் கண்ணீருடன் படித்ததை, பள்ளிப் படிப்பு வெறுத்துப்போயிருந்த அவருடைய மகன் பார்த்தார். கல்லூரியில் தோற்றவராலும் இவ்வளவு செய்ய முடியும் என்று தந்தை வாயால் அன்று கேட்ட அந்த மகன்தான் கென் ஓனோ. ராமானுஜனின் வகுபடும் விதிகளைப் பெரிதும் விரிவுபடுத்தியவர்களில் ஒருவர்.

இப்போது உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். ராமானுஜன் மேதை, ஆகவே அவருக்கு இதெல்லாம் நடந்தது என்பீர்கள். அப்படியானால் பி. எம். வில்சனைப் பாருங்கள். கணிதம் படித்தவர்களிலும் இந்தப் பெயரை அறிந்தவர்கள் குறைவு. 1896இல் பிறந்த ஆங்கிலேயக் கணித ஆசிரியர். 1927இல் வெளிவந்த ராமானுஜன் கட்டுரைத் தொகுதியைப் பதிப்பித்த மூவரில் ஒருவர். 1929 வாக்கில் அவரும் வாட்சனும் நோட்டுகளை முழுமையாகப் பதிப்பிப்பது என்று உடன்பட்டு, அத்தியாயங்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள். முற்பகுதி அத்தியாயங்கள் வில்சனுக்கு. பாடம் நடத்திவிட்டு வந்த நேரத்தில், ஒவ்வொரு தேற்றமாக எடுத்து, அது சரியா, எப்படி வந்திருக்கும், அச்சில் எங்காவது இருக்கிறதா என்று குறிப்பெழுதினார். 1935 மார்ச்சில் முப்பத்தெட்டு வயதில் அவர் இறந்துவிட்டார். பதிப்பு வெளிவரவில்லை. எடுத்த வேலை பாதியில் நின்ற, குறைந்த ஆயுள் கொண்ட, புகழ் பெறாத ஒரு வாழ்க்கை அது. அன்று அவருடைய வீட்டிலும் உங்கள் வீட்டில் எழுந்த கேள்வி எழுந்திருக்கும்.

அவருடைய குறிப்புகளை யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். அவையும் வாட்சனின் தாள்களோடு சேர்ந்து டிரினிட்டி நூலகத்துக்குப் போயின. நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து பெர்ன்ட் தம் பெரிய பணியில் இறங்கியபோது, நூலகத்திலிருந்து அவற்றின் படிகளை வரவழைத்து, முற்பகுதி அத்தியாயங்களில் அவற்றைப் பயன்படுத்திக்கொண்டார். அந்த உதவியை நன்றியோடு பதிவும் செய்திருக்கிறார். வில்சன் பாதியில் விட்ட இடத்தில் இன்னொருவர் வந்து கால்வைத்து ஏறினார். ராமானுஜனின் கதையைவிட வில்சனின் கதையே உங்கள் கேள்விக்கு அருகில் இருக்கிறது என்று நினைக்கிறேன், ஏனென்றால் இதில் மேதைமையைக் காரணம் காட்ட வழியில்லை. கவனமாகச் செய்த வேலையும், அதைக் குப்பையில் போடாத ஒரு கையும், தேவைப்பட்டபோது தேடிவந்த ஓர் ஆளும்தான் இருந்தன. மூன்றில் முதலாவதை மட்டுமே இறந்தவர் செய்ய முடியும்.

உங்கள் தம்பியின் விஷயத்தில் முதலாவது முடிந்துவிட்டது. எத்தனை பிள்ளைகளுக்கு அவர் கணக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று நீங்கள் எழுதவில்லை. ஐந்தாறு பேர் என்றாலும் அவர்கள் இன்று பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்துக்கொண்டிருப்பார்கள். பின்னத்தையும் சதவீதத்தையும் யாரிடம் கற்றோம் என்பதை அவர்கள் மறந்துபோகலாம். கணக்கைக் கண்டு பயப்படாமல் இருக்கக் கற்றது கையோடு இருக்கும். நல்ல கணக்கு ஆசிரியர் கொடுக்கும் பொருள் பெரும்பாலும் இப்படித்தான் பெயரில்லாமல் போய்ச் சேர்கிறது. அதற்காக உங்கள் வருத்தம் குறையும் என்று நான் சொல்லவில்லை. எழுபத்து நான்கு ஆண்டுகள் தனியே வாழ்ந்த ஜானகி அம்மாளுக்கு, கணவரின் புகழ் அவர் இல்லாத குறையைத் தீர்த்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

அட்டைப்பெட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். இப்போதே திறந்து அடுக்கவும் வேண்டாம். எலியும் ஈரமும் அணுகாத இடத்தில், தரையில் இல்லாமல் மேலே வையுங்கள். மனம் சற்று ஆறிய பிறகு, அவரிடம் படித்த பிள்ளைகளில் இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எந்த நோட்டு எந்த வகுப்புக்கு, எந்த ஆண்டு எழுதியது என்று கேட்டு அட்டையில் எழுதிவையுங்கள். அது அவர்களுக்கு மறந்துபோகும் முன் செய்ய வேண்டியது. போட்டித் தேர்வுக்காக அவர் தனியே போட்ட கணக்குகளையும் பிள்ளைகளுக்காகத் தயார்செய்த கணக்குகளையும் பிரித்து வையுங்கள். இரண்டாவது வகையில் ஓரத்தில் கிறுக்கியவை, அடித்துத் திருத்தியவை, இந்தப் பையனுக்கு இப்படிச் சொன்னால் புரியும் என்று குறித்தவை ஏதாவது இருந்தால், அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். கழித்தலில் கடன் வாங்குவதைப் பிள்ளைகளுக்கு அவர் எந்த வழியில் சொல்லிக்கொடுத்தார் என்று பார்க்க எனக்கு ஆவலாக இருக்கிறது.